கை நனைக்காத மாமன்

மோகனின் இடது மணிக்கட்டில் ஒரு முள்கரண்டி காப்பு மாதிரி வளைந்து கிடக்கும். செகந்தராபாத்தில், மல்காஜ்கிரி ஸ்டேஷனுக்குப் பின்னால் அவன் குடியிருக்கும் சந்தில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. புதிதாகக் குடிவருகிறவர்கள், ஏதோ நரம்பு வலிக்கு வைத்தியர் போடச் சொன்னது என்று நினைத்துக்கொள்வார்கள். கேட்டால் "சும்மா" என்பான். அந்தச் சும்மாவுக்குப் பின்னால் ஓர் எருமையும் ஓர் அக்காவும் இருந்தார்கள்.

அக்காவிலிருந்து தொடங்குவதுதான் முறை. மோகனின் அப்பா குடியாத்தத்திலிருந்து வந்து ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். மோகனுக்குப் பால்பல் விழுகிற வயதில் அம்மா காமாலை கண்டு போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு அடுப்படிக்குள் நுழைந்த அக்கா ஹம்சா, அப்போது தாவணிகூடப் போடாதவள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால், குழம்பு தீர்ந்த மண்சட்டியில் மிச்சச் சோற்றைக் கொட்டி, சுற்றிலும் ஒட்டியிருக்கும் மசாலாவை விரலால் வழித்துப் பிசைவாள். அப்பா கையில் ஓர் உருண்டை, தம்பி கையில் ஓர் உருண்டை. சட்டியின் அடியில் கடைசியாகத் திரளும் உருண்டை மட்டும் எந்த வாரமானாலும் தம்பிக்குத்தான். "ருசியெல்லாம் அடியில எறங்கி கீதுடா, வாயத் தொற" என்பாள்.

கல்யாணமாகி லோத்குண்டாவுக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. அவள் புருஷன் துரைராஜ் ராணுவப் பணிமனையில் சிவிலியன் டிரைவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிது. மோகனுக்கு வந்த வரன்களெல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போக, அவன் தனிக்கட்டையாகவே நின்றுவிட்டான். ஞாயிறானால் லோத்குண்டா. அக்காவுக்கு நீலா பிறந்து, நடந்து, பேச ஆரம்பித்ததும் கடைசி உருண்டைக்குப் போட்டி வந்தது. "நக்கோ, வேணாம்! மாமாக்கு அப்புறந்தான் உனக்கு" என்று ஹம்சா பெற்ற மகளையே தள்ளி நிறுத்துவாள். நீலா காலை உதைத்துக்கொண்டு அழும். மாமன் பாதியைப் பிட்டு அதன் வாயில் திணிப்பான்.

அப்பாவுக்குப் பிறகு மோகனும் அதே பட்டறைக்குத்தான் போனான். ரயில் பெட்டிகளின் இருக்கைகளுக்கு ரெக்சின் தைக்கிற பிரிவு. உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, மேலே ரெக்சினை இழுத்துப் பிடித்து, வளைந்த ஊசியால் தையல் வெளியே தெரியாமல் தைக்க வேண்டும். அது அவனுக்குக் கை வந்த கலை.

சந்து முனையில் யாதய்யாவின் எருமைக் கொட்டகை இருந்தது. விடிந்ததும் தூக்கை எடுத்துக்கொண்டு போய் எதிரிலேயே கறந்த பாலை வாங்கி வருவது மோகனின் பழக்கம். ஒரு நாள் யாதய்யா அவனை உள்ளே கூப்பிட்டான். புதிதாக ஈன்ற எருமையின் கன்று செத்துவிட்டது. கன்று இல்லாமல் எருமை பால் விடவில்லை. தோலை உரித்து, உப்புத் தடவி, உள்ளே வைக்கோல் திணித்துக் கன்று மாதிரி செய்து பக்கத்தில் நிறுத்தினால் சுரக்கும். ஆனால் யாதய்யா போட்ட தையல் பிரிந்து பிரிந்து வைக்கோல் கொட்டியது. "நீங்கள் சீட்டு தைக்கிறவர்தானே அண்ணா, இதையும் கொஞ்சம் பாருங்கள்" என்று தெலுங்கில் கேட்டான்.

மோகன் வீட்டுக்குப் போய் ஊசியும் மெழுகு நூலும் எடுத்து வந்தான். தோலின் வயிற்றோரமாக, கழுத்திலிருந்து பின்னங்கால் வரை நெருக்கமாகத் தைத்தான். நல்ல தையல். அவனுக்கே பெருமையாக இருந்தது. "ஃபர்ஸ்ட் கிளாஸ் கோச்சுக்குக்கூட நான் இப்படித் தைத்ததில்லை" என்று யாதய்யாவிடம் வேடிக்கையும் பேசினான்.

மறுநாள் காலை, கறந்து முடிகிற வரைக்கும் அந்தத் தோல் கன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான் யாதய்யா. எருமை மோந்து பார்த்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. கழுத்தை நக்கியது, முதுகை நக்கியது. பிறகு வயிற்றோரமாக, மோகன் போட்ட தையலின் மேலேயே நாக்கு இறங்கி வந்தது. தையல் முடிகிற இடத்தில் அவன் கை இருந்தது. நாக்கு நிற்கவில்லை. கன்றின் தோல், அவன் தோல் என்று பேதம் பார்க்காமல் மணிக்கட்டு வரை நக்கிக்கொண்டு போனது. சொரசொரவென்று, வெதுவெதுப்பாக. கீழே பாத்திரத்தில் பால் விழுகிற சத்தம் கேட்டது.

அன்றைக்கு மோகன் வெறும் தூக்கோடு திரும்பினான்.

முதலில் பால் போயிற்று. பின்னாலேயே தயிரும் நெய்யும் போயின. கறியைக் கண்டால் ஊசி ஏறிய தோல் ஞாபகத்துக்கு வந்தது. முட்டையும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அக்கா தட்டில் கறியைப் போட வந்தபோது கையைக் குறுக்கே நீட்டினான்.

"இன்னாடா, மாலை போட்டுகினியா?"

"இல்லக்கா."

"வவுறு சரியில்லியா?"

அவன் எருமையைச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் துரைராஜ் புரையேறிச் சிரித்தார். "ஏம் மச்சான், எரும ஒரு தபா கைய நக்குனதுக்கே சோறு எறங்கலியா? உனக்கெல்லாம் பொண்டாட்டி அமையாததே நல்லது."

ஹம்சா சிரிக்கவில்லை. தம்பி கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், காயம் தேடுகிறவள் மாதிரி. மறுவாரம் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காயும் பிஞ்சுக் கத்திரிக்காயும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வந்தாள். புதுச் சட்டி ஒன்றும் வாங்கினாள். தேங்காய்ப்பால் ஊற்றி அவனுக்கென்று தனிக் குழம்பு. அந்தச் சட்டியிலும் சோறு பிசைந்து, கடைசி உருண்டையை அவன் கையில் வைத்தாள். "கறி இல்லாட்டி இன்னா, அடின்னா அடிதான்" என்றாள். அப்படியே விட்டிருந்தால் அவர்கள் காலம் அப்படியே போயிருக்கும்.

ஒரு சாயங்காலம் ஹுசைன் சாகர் ஏரி ஓரத்தில் சில இளைஞர்கள் கறுப்பு உடையில், கையில் திரைகளோடு நின்றார்கள். திரையில் பால்பண்ணைகள், கன்றுகள். மோகன் நின்றான். அவர்களில் கௌஷிக் என்ற பையன், கம்ப்யூட்டர் வேலைக்காரன், அவனிடம் இந்தியில் பேச்சுக் கொடுத்தான். மோகனைப் போன்றவர்களுக்கு வீகன் என்று பெயர் உண்டு என்பதே அன்றைக்குத்தான் மோகனுக்குத் தெரிந்தது. நெடுநாளாக இருக்கும் வலிக்குப் பெயர் கிடைத்தது போல இருந்தது. சனிக்கிழமைகளில் அவர்களோடு போய் நின்றான். "அங்கிள், அங்கிள்" என்று உயிரை விட்டார்கள்.

கௌஷிக்தான் அந்தச் சத்தியத்தைப் பற்றிச் சொன்னான். பிராணிகளையும், பிராணிகளிடமிருந்து பிடுங்கியதையும் சாப்பிடுகிற பந்தியில் உட்காருவதில்லை என்று சத்தியம். அதற்கு அடையாளமாக ஒரு முள்கரண்டியை வளைத்துக் கையில் போட்டுக்கொள்ள வேண்டும். கௌஷிக்குக்கு அது ஒரு போராட்ட முறை. மோகனின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அவன் வளர்ந்த வீட்டில் அம்மனுக்குக் காப்புக் கட்டினால், அவிழ்க்கிற வரைக்கும் அது விளையாட்டில்லை. இந்தக் காப்பை அவிழ்க்கிற நாள் எது என்று யாரும் சொல்லவில்லை. அவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை. மோண்டா மார்க்கெட்டில் கனமான கரண்டியாகப் பார்த்து வாங்கி, பட்டறையில் வைஸ் இடுக்கியில் கொடுத்து வளைத்தான். எருமையின் நாக்கு பட்ட அதே மணிக்கட்டில், கழற்ற முடியாதபடி இறுக்கிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு அக்காவிடம் சொன்னான்.

"உனக்குன்னு தனியாத்தான ஆக்குறேன்? அப்பறம் இன்னாடா?"

"பக்கத்துல வச்சிகினு என்னால முடியலக்கா. அந்த நாக்கு கைமேலயே கீற மாதிரி கீது."

"அப்போ நாங்க பாவம் பண்றவங்கோ?"

"உங்கள சொல்லலக்கா."

"என் தட்டப் பாத்துட்டு ஏந்துக்கிற. வேற யாரடா சொல்ற?"

துரைராஜ் எலும்பை உறிஞ்சிக் கீழே வைத்தார். "மாலை போட்டவன்கூட நாப்பத்தோரு நாள்ல எறக்கிடுறான். உன் மாலைய எப்ப மச்சான் எறக்குவ?"

"ஞாயித்துக்கெழம மட்டும் கறி வேணாமே" என்று ஹம்சா புருஷனிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "என் வூட்டு அடுப்புல கறி வேகுறதுக்கு உன் தம்பி கையெழுத்து போடணுமா? நக்கோ" என்றார் அவர். கறி இல்லாவிட்டாலும் தயிர் இருக்கும், டீயில் பால் இருக்கும். மோகன் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு வந்து, டீ வைப்பதற்குள் கிளம்ப ஆரம்பித்தான். புதுச் சட்டி பரணுக்குப் போயிற்று.

பிறகு நீலாவின் கல்யாணம். தாய்மாமன் செய்ய வேண்டியதில் ஒரு குறை வைக்கவில்லை அவன். சீர்த்தட்டு வந்தது, பட்டு வந்தது, மாலை போட்டு மேடைக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனான். அவள் கழுத்தில் தாலி ஏறியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு மூலையில் நின்றான். மறுநாள் இரண்டு வீட்டாருக்கும் கறி விருந்து. முதல் பந்தியில் முதல் இலை தாய்மாமனுக்கு. அவன் கை வைத்தால்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். மாப்பிள்ளையின் அப்பா ராமசுவாமி இலைக்கு எதிரே காத்திருந்தார்.

மோகன் கூடத்து வாசலிலேயே நின்று கும்பிட்டான். "எல்லாரும் நல்லா சாப்புடுங்க" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ராமசுவாமி இலையைத் தள்ளினார். "பொண்ணு குடுக்க மாமனுக்கு மனசு வரல போல. எங்ககிட்ட இன்னா கொறையக் கண்டாரோ" என்றார். கை நனைக்காமல் போனால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். அதற்கு வேறு அர்த்தம் அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாது. ஹம்சா சம்பந்தியின் கையைப் பிடித்துக் கெஞ்சிச் சாப்பிட வைத்தாள். அவள் தொண்டையில் அன்றைக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை.

மறுநாள் காலை மல்காஜ்கிரிக்கு வந்தாள். மோகன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவள் அதைப் புறங்கையால் நகர்த்தினாள்.

"நீ என் வூட்டுல கை நனைக்கிற வரைக்கும் உன் வூட்டுல நான் பச்சத் தண்ணி தொட மாட்டேன்."

"அக்கா, தண்ணிதானே."

"தண்ணிதான். என் வூட்டுல உக்காந்து நீ அதயாவது குடிச்சி எவ்ளோ நாளாச்சி, சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அக்காவும் தம்பியும் ஒரே அச்சு. அவள் பிறகு மல்காஜ்கிரிப் பக்கம் வரவில்லை. பொங்கலுக்கு நீலா போனில் பேசுவாள். பாதித் தெலுங்கு, பாதி ஆங்கிலம், நடுவில் ஒரு "மாமா". அவ்வளவுதான்.

வருஷங்கள் போயின. செகந்தராபாத் ஸ்டேஷனில் ஒரு நாள் கௌஷிக்கைப் பார்த்தான். பக்கத்தில் மனைவி, தோளில் குழந்தை. மணிக்கட்டில் கைக்கடிகாரம்தான் இருந்தது.

"இன்னும் போட்டிருக்கீங்களா அங்கிள்?" கௌஷிக் அவன் கையைப் பிடித்து இந்தியில் ஆச்சரியப்பட்டான். "நாங்க எல்லாரும் எடுத்துட்டோமே. அம்மா ரொம்ப அழுதாங்க. நான் இப்பவும் வீகன்தான். ஆனா எல்லாரோடயும் உக்காந்து என் சாப்பாட்டைச் சாப்பிடுறேன். அந்த ரூட் சரிவரலை அங்கிள்."

"எனக்கு யாரும் சொல்லலியே" என்றான் மோகன். தமிழில் சொன்னான். கௌஷிக்குக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுப் போனான்.

அன்று பட்டறையில் மோகன் கையை வைஸ் பக்கம் கொண்டுபோய், இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்தான். ஒரு வெட்டு போதும். ஆனால் இரும்பு தோலில் அழுத்தியபோது நாக்குதான் முதலில் ஞாபகம் வந்தது. சத்தியத்தைச் சொல்லிக்கொடுத்தவன்தான் கௌஷிக். மோகன் சத்தியம் செய்தது அவனுக்கா? கையை இழுத்துக்கொண்டான்.

அந்த மழைக்காலத்தில் நீலாவின் போன் வந்தது. "மாமா, அம்மாக்கு உணவுக்குழாய்ல கேன்சர். முன்னாடியே தெரியும், உன்கிட்ட சொல்ல நக்கோன்னுட்டாங்க. இப்ப ஏமீ தினட்லேது மாமா. ஒண்ணும் சாப்புடல. ப்ளீஸ், நீ வா."

லோத்குண்டா வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் ஹம்சா கிடந்தாள். வளையல்கள் முழங்கை வரை ஏறிக்கொண்டன. தம்பியைப் பார்த்ததும் முதலில் அவன் மணிக்கட்டைத்தான் பார்த்தாள். துரைராஜ் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கிண்டல் எதுவும் அவர் வாயில் வரவில்லை.

"எனுக்கு இப்ப கறி கெடயாது" என்றாள் ஹம்சா. குரல் காற்றாக வந்தது. "மீன் கெடயாது, டீ கெடயாது. கஞ்சியும் உப்பும். இப்பவாச்சும் என்கூட உக்காருவியாடா?"

மோகன் உட்கார்ந்தான். நீலா கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினான். ஒவ்வொன்றுக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் கையை உயர்த்தினாள்.

"போதும். மிச்சம் உன்னுது. அடி எப்பவும் உனுக்குத்தான?"

அவன் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனான். நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது. மோர். கஞ்சி வழுக்கிக்கொண்டு இறங்கட்டும் என்று நீலா வழக்கம்போல் மோர் ஊற்றிக் கலக்கியிருந்தாள். வைத்தியத்தில் ருசி செத்துப்போன ஹம்சாவுக்கு அது தெரிய வழியில்லை. அவள் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோகன் விழுங்கினான். இன்னொரு வாய் விழுங்கினான். கிண்ணத்தைச் சாய்த்து, சுற்றிலும் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, அதையும் வாயில் வைத்துக்கொண்டான்.

"ருசியா கீதா?"

"ம். எல்லாம் அடியில எறங்கி கீதுக்கா."

அவள் முகம் விரிந்தது. பல நாளாகத் தூங்காதவள், அப்படியே தூங்கிப்போனாள்.

சமையலறையில் கிண்ணத்தை வாங்கிய நீலா சட்டென்று வாயைப் பொத்தினாள். "ஐயோ, மாமா. மோர் ஊத்தியிருந்தேனே. நான் யோசிக்கவே இல்ல. சாரி மாமா, சாரி."

"அவகிட்ட சொல்லாத" என்றான் மோகன்.

வீட்டுக்குத் திரும்பும்போது, யாதய்யாவின் கொட்டகை இருக்கும் முனை வழியாகப் போகாமல், ரயில் பாதையைச் சுற்றிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு ஹம்சா அதிக நாள் இருக்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடித் துணியை மோகன் போர்த்தினான். கருமாதி முடிந்தது. துக்கம் கழிகிற கறிச்சோற்றுக்குச் சொந்தமெல்லாம் லோத்குண்டாவில் கூடியது. பிறந்த வீட்டு ஆள் முதலில் கை வைக்க வேண்டும். முதல் இலை காலியாக இருந்தது. மோகன் தண்ணீர்ச் சொம்புகளை எடுத்து ஒவ்வொரு இலை ஓரத்திலும் வைத்துவிட்டு, வாசலுக்கு நடந்தான்.

"அவ செத்துமா உன் ரோஷம் அடங்கல?" என்று ஒரு பெரியம்மா கத்தினாள்.

"எங்களத்தான் மதிக்கல, கூடப் பொறந்தவளுக்காச்சும் ஒரு பிடி தின்னக் கூடாதா?" என்றார் ராமசுவாமி. "கல்லு நெஞ்சுக்காரன்."

பரிமாறிக்கொண்டிருந்த நீலா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். துரைராஜ் தன் இலைக்கு முன்னால் கை வைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"அவன விடுங்க" என்றார். "அவன் அவகூடவே சாப்ட்டுட்டான். அவன் பந்தி முடிஞ்சிடுச்சி."

வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த மோகனுக்கு அது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, பின்கட்டில் யாரோ காலிச் சட்டியை வழிக்கும் சத்தமும் கேட்டது.